'கிளிப்' போடாமலே பல் நேராகுமா? க்ளியர் அலைனர் யாருக்கு செட் ஆகும், யாருக்கு ஆகாது?

காலையில் பூதலூர் ஸ்டேஷனில் திருச்சி வண்டிக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால், ஒரு பல் விளம்பரமாவது கண்ணில் படும். கம்பி வேண்டாம், வலி இல்லை, சில மாதங்களில் நேரான பல், மாதத் தவணை வசதியும் உண்டு. போனிலேயே பல்லைப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்கிறது அந்த விளம்பரம்.

தெத்துப்பல் இருந்தா அழகு, முன்பல்லில் சந்து இருந்தா அதிர்ஷ்டம் என்று சொல்லி வளர்த்த ஊர் நம்முடையது. ஆனால் வீடியோ கால் இன்டர்வியூ, ஆபீஸ் ஐடி போட்டோ, கல்யாண ஆல்பம் என்று வந்த பிறகு அந்தச் சமாதானம் பலருக்குப் போதவில்லை. அதே சமயம் 25 வயதுக்கு மேல் 'கிளிப்' மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகவும் கூச்சம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் க்ளியர் அலைனர் வியாபாரம் வளர்ந்திருக்கிறது.

அலைனர் மோசடி இல்லை. சரியான ஆளுக்கு, சரியான கண்காணிப்போடு கொடுத்தால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் விளம்பரத்தில் பெரிதாகக் காட்டப்படும் பிளாஸ்டிக் உறை, சிகிச்சையில் ஒரு பகுதிதான். மீதியை யார் செய்யப்போகிறார் என்று கேட்காமல் பணம் கட்டியவர்கள் அமெரிக்காவில் 2023-ல் நடுத்தெருவில் நின்றார்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம். முதலில் அடிப்படை.

அலைனர் என்றால் என்ன?

பல்லின் மேல் கச்சிதமாக உட்காரும், கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய பிளாஸ்டிக் உறை. ஒன்று இல்லை, வரிசையாகப் பல உறைகள். வாயை ஸ்கேன் செய்து, பல் இப்போது இருக்கும் நிலையிலிருந்து கடைசி நிலை வரை கம்ப்யூட்டரில் திட்டம் போடுவார்கள். ஒவ்வொரு உறையும் இப்போதைய வரிசையைவிட ஒரு துளி மாறியிருக்கும். அந்தத் துளி வித்தியாசம்தான் பல்லைத் தள்ளுகிறது.

துளி என்றால் எவ்வளவு? ஒரு உறை பொதுவாக ஒரு பல்லைச் சுமார் 0.25 மில்லிமீட்டர் நகர்த்தும்படி திட்டமிடப்படும். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த உறைக்கு மாற வேண்டும். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு மெதுவாக? பல் தாடை எலும்பில் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப் படலம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் அழுத்தம் விழும்போது அந்தப் பக்கத்து எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புது எலும்பு உருவாகிறது. பல் நகர்வது இப்படித்தான். இதை அவசரப்படுத்தினால் வேரின் நுனி கரையலாம், ஈறு இறங்கலாம், பல் ஆட்டம் காணலாம். தை மாதக் கல்யாணத்துக்கு ஐப்பசியில் போய், "மூணு மாசத்துல முடிச்சுடுங்க டாக்டர்" என்று நின்றால் உடம்பு ஒத்துழைக்காது.

இந்த யோசனை பெரிய அளவில் தொழிலானது 1997-ல். ஸ்டான்ஃபோர்டில் படித்த ஜியா சிஷ்தி, கெல்சி வர்த் இருவரும் கலிஃபோர்னியாவில் அலைன் டெக்னாலஜி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் 'இன்விஸலைன்' உறைக்கு 1998-ல் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. 2017-ல் அந்த நிறுவனத்தின் முக்கியக் காப்புரிமைகள் பல காலாவதியானதும் போட்டியாளர்கள் பெருகினார்கள். இந்தியாவிலும் உள்நாட்டு பிராண்டுகள் வந்துவிட்டன. அலைனர் தயாரிக்கும் மும்பையின் லக்ஷ்மி டென்டல் நிறுவனம் 2025 ஜனவரியில் பங்குச்சந்தைக்கே வந்தது.

உங்க பல்லுக்கு என்ன பிரச்சினை?

"பல் கோணல்" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதைப் பல் மருத்துவர்கள் பலவகையாகப் பிரிக்கிறார்கள். பல் வரிசை ஒரு விஷயம். மேல் பல்லும் கீழ் பல்லும் கடிக்கும்போது எப்படிச் சேர்கின்றன என்பது வேறு விஷயம். வரிசை அழகாக இருந்தும் கடி சரியில்லாதவர்கள் உண்டு.

*நெருக்கம்:* பல்லுக்கு இடம் போதாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்பது. தெத்துப்பல் பெரும்பாலும் இந்த வகை. லேசான, நடுத்தர நெருக்கம் அலைனருக்கு ஏற்ற பிரச்சினை. தேவைப்பட்டால் பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் எனாமலை மிக மெல்லிசாகத் தேய்த்து இடம் உண்டாக்குவார்கள். 'ஐபிஆர்' என்று பில்லில் எழுதியிருப்பது இதுதான். நெருக்கம் அதிகமாக இருந்து பல்லைப் பிடுங்கியே இடம் உண்டாக்க வேண்டும் என்றால் கதை மாறுகிறது.

*இடைவெளி:* முன்பல் சந்தை மூடுவது அலைனருக்குச் சுலபமான வேலை. ஆனால் சந்து ஏன் வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். சின்ன வயதிலிருந்தே இருந்தால் ஒரு காரணம் இருக்கும். முப்பது வயதுக்கு மேல் புதிதாகச் சந்து விழ ஆரம்பித்தால் அது ஈறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதைக் குணப்படுத்தாமல் பல்லை நகர்த்தினால், தாங்கும் எலும்பு ஏற்கெனவே குறைந்த பல்லை இன்னும் ஆட்டிவிடுகிற மாதிரி ஆகும்.

*எத்துப்பல்:* மேல் முன்பல் வெளியே தள்ளிக்கொண்டிருப்பது. பல் மட்டும் சாய்ந்திருக்கிறதா, தாடையே முன்னால் வளர்ந்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரே பார்த்துத்தான் சொல்ல முடியும். நம்ம ஊரில் அடிக்கடி பார்ப்பது இன்னொரு வகை: மேல் பல், கீழ் பல் இரண்டுமே முன்னால் வந்து உதட்டையும் தள்ளிக்கொண்டு நிற்பது. "பல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளணும்" என்று போகிறவர்களில் பலர் இந்த வகை. இதற்கு வழக்கமான சிகிச்சை, நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு அந்த இடத்துக்கு முன்பற்களைப் பின்னால் கொண்டுபோவது. ஒவ்வொரு பல்லையும் வேரோடு நிமிர்ந்த நிலையில் பல மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். பிளாஸ்டிக் உறைக்கு மிகக் கடினமான வேலை இதுதான். பல் சாய்ந்துவிடும், வேர் பின்தங்கும். அனுபவமுள்ள நிபுணர் கையில் அலைனரிலும் செய்ய முடியும் என்றாலும், கம்பிக்குத்தான் இங்கே கட்டுப்பாடு அதிகம். விளம்பரத்தில் வரும் 'முன்பு, பின்பு' படம் உங்கள் வகைதானா என்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

*ஆழ்கடி:* மேல் முன்பல் கீழ் முன்பல்லை முழுக்க மூடிவிடுவது. கண்ணாடி முன் கடித்துப் பார்த்தால் கீழ்ப் பல் தெரியவே தெரியாது. லேசானது என்றால் அலைனரில் முயற்சி செய்யலாம். கீழ்ப் பல் மேல் அண்ணத்தில் குத்தும் அளவுக்கு இருந்தால் நிபுணரைப் பார்க்காமல் எதுவும் செய்யக் கூடாது.

*திறந்த கடி:* பின்பல் சேர்ந்தாலும் முன்பல் சேராமல் நடுவில் திறந்தே இருப்பது. முறுக்கை முன்பல்லால் கடித்து உடைக்க முடியாது. நீண்ட காலம் விரல் சூப்பியது, விழுங்கும்போது நாக்கை முன்னால் தள்ளுவது போன்ற பழக்கங்கள் இதன் பின்னால் இருக்கலாம். பழக்கம் மாறாவிட்டால், அலைனரோ கம்பியோ எது போட்டாலும் பல் பழைய இடத்துக்கே வரும்.

*குறுக்குக் கடி, கீழ்த்தாடை முன்தள்ளல்:* மேல் பல் கீழ்ப் பல்லுக்கு உள்ளே விழுவது. ஒன்றிரண்டு பல் மட்டும் என்றால் அலைனரில் சரிசெய்யலாம். தாடை எலும்பே காரணம் என்றால், வளர்ந்து முடிந்த ஒருவருக்கு எந்த உறையும் தாடையை மாற்றாது. தாடை அறுவை சிகிச்சையும் பல் சீரமைப்பும் சேர்ந்துதான் தீர்வு. வளரும் குழந்தைகளுக்கு வேறு வழிகள் உண்டு. அதனால்தான் ஏழு வயதுக்குள் ஒருமுறையாவது பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டச் சொல்கிறது அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கம்.

ஸ்கிரீனில் தெரியும் பல்லும், வாயில் இருக்கும் பல்லும்

அலைனர் விற்பனையில் மிகப் பெரிய ஈர்ப்பு அந்த அனிமேஷன். ஸ்கேன் எடுத்த சில நாட்களில், கோணல் பல் ஒவ்வொன்றாக நகர்ந்து வரிசையாவதை வீடியோவாகக் காட்டுவார்கள். பார்த்தவுடன் "சரி, போட்டுடலாம்" என்று தோன்றும்.

அந்த வீடியோ, மென்பொருள் போட்ட திட்டம். நடக்கப்போவதன் உத்தரவாதம் இல்லை. 2009-ல் அமெரிக்க ஆர்த்தோடான்டிக்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, இன்விஸலைன் போட்ட 37 பேரின் திட்டத்தையும் முடிவையும் ஒப்பிட்டது. திட்டமிட்ட நகர்வில் சராசரியாக 41 சதவீதமே வாயில் நடந்திருந்தது. 2020-ல் 38 பேரிடம் அதே மாதிரி ஆய்வு நடந்தபோது அது 50 சதவீதமாக உயர்ந்திருந்தது. முன்னேற்றம்தான். ஆனாலும் பாதி. குறிப்பாக, பல்லைத் திருப்புவதில் உறை தடுமாறுகிறது.

அப்படியென்றால் அலைனர் வேலை செய்யாது என்று அர்த்தமா? இல்லை. முதல் செட் உறைகள் முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்து, மிச்சம் இருப்பதைச் சரிசெய்ய அடுத்த செட் போடுவது இந்தச் சிகிச்சையில் சகஜம். பிடிமானத்துக்காகப் பல்லின் நிறத்திலேயே சின்னப் புடைப்புகளை ஒட்டுவதும் உண்டு. சிலருக்கு ரப்பர் பேண்டும் தேவைப்படும். எது எப்போது தேவை என்று முடிவெடுக்க ஒருவர் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். விலை குறைவான பேக்கேஜில் முதலில் வெட்டப்படுவதும் பெரும்பாலும் இந்த 'பார்க்கும்' வேலைதான்.

நிறுவனம் போயிடுச்சு, பல் பாதியில நிக்குது

இப்போது அந்த அமெரிக்கக் கதை. 2014-ல் தொடங்கிய ஸ்மைல்டைரக்ட்கிளப், டாக்டரை நேரில் பார்க்காமலே அலைனர் தரும் மாடலைப் பிரபலமாக்கியது. வீட்டுக்கு ஒரு கிட் வரும். நீங்களே பல் அச்சு எடுத்து அனுப்ப வேண்டும். அல்லது அவர்களுடைய கடையில் ஸ்கேன் எடுக்கலாம். உரிமம் பெற்ற பல் மருத்துவர் தூரத்திலிருந்து பார்த்து ஒப்புதல் தருவார், உறைகள் தபாலில் வந்துவிடும். கம்பியைவிட விலை மிகக் குறைவு. 2019 செப்டம்பரில் பங்குச்சந்தைக்கு வந்தபோது நிறுவனத்தின் மதிப்பு சுமார் 890 கோடி டாலர். 20 லட்சம் பேருக்கு மேல் சிகிச்சை தந்ததாகச் சொல்லிக்கொண்டது.

2023 செப்டம்பரில் திவால் மனு. டிசம்பர் 8 அன்று ஒரே அறிவிப்பில் எல்லாம் மூடல். சிகிச்சையில் பாதி வழியில் இருந்தவர்களிடம், உள்ளூர் பல் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லப்பட்டது. 'வாழ்நாள் உத்தரவாதம்' இனி இல்லை என்றார்கள். ஆனால் தவணைத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் தவணையைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றும் அந்த அறிவிப்பில் இருந்தது.

அது தனி ஒரு நிறுவனத்தின் கதையாக முடியவில்லை. 2024 அக்டோபரில், டென்ட்ஸ்ப்ளை சிரோனா என்ற பெரிய பல் மருத்துவ நிறுவனம், விதிமுறைகள் தொடர்பான மறுபரிசீலனையைக் காரணம் காட்டி, தன்னுடைய 'பைட்' வீட்டு அலைனர் விற்பனையை நிறுத்தியது. 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய தொழில் அது.

ஒழுங்குமுறை அமைப்புகளும் இந்தப் பக்கம் திரும்பின. பல்லை நகர்த்துவதற்கு முன் நோயாளியின் எக்ஸ்ரேயைப் பல் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும் என்று கலிஃபோர்னியா 2019-ல் சட்டம் கொண்டுவந்தது. நேரடி மருத்துவப் பரிசோதனைக்கு இப்போதைக்குச் சரியான மாற்று கிடையாது என்று பிரிட்டனின் பொது பல் மருத்துவ கவுன்சில் 2021-ல் தெளிவுபடுத்தியது.

எக்ஸ்ரேக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? போட்டோவிலும் ஸ்கேனிலும் தெரிவது ஈறுக்கு வெளியே இருக்கும் பல் மட்டும். வேர் எவ்வளவு நீளம், எலும்பு எவ்வளவு மிச்சம், முளைக்காத பல் உள்ளே புதைந்திருக்கிறதா, சீழ் இருக்கிறதா என்பதெல்லாம் ஈறுக்குக் கீழே இருக்கும் விஷயங்கள்.

இங்கே யார் போடலாம்?

இந்தியாவில் பல் மருத்துவத் தொழிலுக்கு 1948 முதல் தனிச் சட்டம் உண்டு. தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் இங்கே சிகிச்சை தரலாம். பிடிஎஸ் முடித்தவரும் அலைனர் போடலாம். ஆனால் பல் நகர்த்துவதையே சிறப்புப் பாடமாக மேலும் மூன்று ஆண்டு படித்தவர், ஆர்த்தோடான்டிக்ஸில் எம்டிஎஸ் பெற்ற நிபுணர். லேசான சந்தை மூடுவதற்கும், நான்கு பல் எடுத்துச் செய்யும் சிகிச்சைக்கும் ஒரே ஆளை நம்பலாமா என்பதை இந்த வித்தியாசத்தை வைத்து முடிவு செய்யுங்கள்.

பூதலூர், திருக்காட்டுப்பள்ளி, செங்கிப்பட்டி பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ரயிலோ பஸ்ஸோ ஏறினால் ஒருபக்கம் தஞ்சாவூர், மறுபக்கம் திருச்சி. இரண்டு ஊரிலும் தனியார் நிபுணர்கள் இருக்கிறார்கள். செலவுதான் தடை என்றால் இன்னொரு வழி, புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரி. 2023-ல் திறக்கப்பட்ட இந்தக் கல்லூரி தஞ்சாவூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். பல் மருத்துவக் கல்லூரி என்றாலே பல் சீரமைப்புக்குத் தனித் துறை இருக்கும். கடைசியில் அலைனரை வேறு எங்கே போட்டாலும், "எனக்கு என்ன பிரச்சினை, பல் எடுக்கணுமா?" என்ற கேள்விக்கு, விற்பதற்கு எதுவும் இல்லாத இடத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

பணம் எவ்வளவு, யாருக்கு?

தனியார் கிளினிக்குகளில் சாதாரண உலோகக் கம்பியைவிட அலைனருக்குச் செலவு அதிகம். பிராண்டையும் சிக்கலையும் பொறுத்து, பல பத்தாயிரம் ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும். ஹெல்த் இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் பல் சீரமைப்பு பொதுவாகச் சேராது. அதனால்தான் எல்லா விளம்பரத்திலும் மாதத் தவணை.

தவணை என்றால் பெரும்பாலும் அது ஒரு கடன். கொடுப்பது கிளினிக் இல்லை, வங்கியோ நிதி நிறுவனமோ. கிளினிக்குக்கு முழுப் பணமும் முதலிலேயே போய்விடும். நாளைக்கு சிகிச்சை பாதியில் நின்றாலும் உங்கள் கணக்கிலிருந்து தவணை பிடித்தம் நிற்காது. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, வட்டி, கட்டணம் எல்லாம் எழுதிய முக்கியத் தகவல் அறிக்கையைக் கடன் தருபவர் கொடுக்க வேண்டும். மனம் மாறினால் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் கட்டிக் கடனிலிருந்து வெளியேற ஓர் அவகாசமும் தர வேண்டும். ஓடிபி சொல்வதற்கு முன் அந்த அறிக்கையைப் படியுங்கள்.

ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதற்கு ரசீதும், எழுத்தில் இருக்கும் சிகிச்சைத் திட்டமும் வேண்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

• என் வாயை நேரில் பரிசோதிக்கப்போகும் டாக்டர் யார்? அவருடைய பதிவு எண், படிப்பு என்ன?

• எக்ஸ்ரே எடுத்தீர்களா? ஈறு, எலும்பு, சொத்தை எல்லாம் பார்த்தாகிவிட்டதா?

• கம்பி போட்டால் முடிவு இதைவிட நன்றாக இருக்குமா? நேர்மையான நிபுணர் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

• எத்தனை உறை, எத்தனை மாதம்? இரண்டாவது செட் தேவைப்பட்டால் அதற்குத் தனிக் கட்டணமா?

• எனாமலைத் தேய்ப்பீர்களா? எந்தப் பல்லில், எவ்வளவு?

• சிகிச்சை முடிந்ததும் ரீடெய்னர் விலை இதில் சேர்ந்ததா?

கடைசிக் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நகர்த்திய பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கும் ரீடெய்னரை முதலில் நாள் முழுக்கவும், பிறகு இரவு மட்டுமாகப் பல ஆண்டுகளும் போட வேண்டியிருக்கும்.

போட்ட பிறகு வாழ்க்கை எப்படி?

22 மணி நேரம் உறை வாயில் இருந்தால் மிச்சம் இரண்டு மணி நேரம். காலை டிபன், பதினோரு மணி டீ, மதியச் சாப்பாடு, சாயந்தர காபி, இரவுச் சாப்பாடு, பல் தேய்ப்பது எல்லாம் இந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். உறையோடு சூடான டிகிரி காபி குடித்தால் பிளாஸ்டிக் வளையலாம், கறை பிடிக்கும். இனிப்பான காபி உறைக்குள் தேங்கினால் சொத்தை வரும். வெற்றிலை போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கழற்றி டிஷ்யூ பேப்பரில் சுற்றி டேபிளில் வைத்தால், பில்லோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். பெட்டி எப்போதும் பையில் இருக்கட்டும்.

முதல் ஓரிரு நாள் இறுக்கமும் லேசான வலியும் சகஜம். பல் தெளிவாக ஆடுவது, ஈறு இறங்கி வேர் தெரிவது, கடிக்கும்போது பின்பல் சேராமல் போவது ஆகியவை சகஜமில்லை. அப்போது அடுத்த உறைக்கு மாறாமல் டாக்டரைப் பாருங்கள்.

ஏற்கெனவே ஆன்லைனில் வாங்கிப் பாதி வழியில் இருப்பவர்கள் பயந்துபோய் உறையைத் தூக்கி எறிய வேண்டாம். எறிந்தால் பல் திரும்பிவிடும். நன்றாகப் பொருந்தும் கடைசி உறையை மட்டும் தொடர்ந்து போட்டுக்கொள்ளுங்கள். நிறுவனத்திடமிருந்து ஸ்கேன், சிகிச்சைத் திட்டம், ரசீது எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு பக்கத்து ஊரில் இருக்கும் ஆர்த்தோடான்டிஸ்ட்டிடம் போய் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். மீதி உறைகளைத் தொடரலாமா, கம்பிக்கு மாற வேண்டுமா என்பதை அதைப் பார்த்து அவர் சொல்லட்டும்.